பாம் ஷெல்டரிலிருந்து கூடத்துக்கு வந்த தையல் மெஷின்

2023 ஜூலை 3ஆம் தேதியிலிருந்து சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு என்றானது. அந்த வாரம் பொருள்களை ஸ்கேன் செய்து முடித்ததும், எத்தனை பை வேண்டும் என்று திரை கேட்டது. 5 காசு ஒரு தொகையே இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் பார்த்தவுடன் எனக்கு வீட்டு அலமாரியின் மேல்தட்டு நினைவுக்கு வந்தது. அம்மா கட்டிப் பழசான பருத்திச் சேலைகள் ஏழெட்டு அங்கே மடித்தபடி கிடந்தன. தூக்கிப் போட மனம் வரவில்லை, கட்டவும் முடியாது.

தையல் மெஷினும் வீட்டில் இருந்தது. வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இடம் இல்லாத எல்லாப் பொருளும் போய்ச் சேரும் இடம் பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறைதான். அரிசி மூட்டை, பயணப் பெட்டிகள், தீபாவளிச் சரவிளக்கு, இவற்றுக்குப் பின்னால் அட்டைப்பெட்டி பிரிக்காமலே மெஷின் உட்கார்ந்திருந்தது. எடுக்க வேண்டுமானால் மூன்று பொருள்களை நகர்த்த வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் யாருக்கு அந்தத் தெம்பு இருக்கும்?

அந்தச் சனிக்கிழமை அதை வெளியே எடுத்துக் கூடத்து ஜன்னலோரம் ஒரு சின்ன மேசையில் வைத்தேன். இன்றுவரை அது அங்கிருந்து நகரவில்லை. தையல் கற்க நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எந்த மெஷின் வாங்கலாம் என்பதைவிட, அது வீட்டில் எங்கே நிற்கும் என்று யோசியுங்கள். கண்ணில் பட்டால் பத்து நிமிடம் கிடைத்தாலும் உட்காருவீர்கள். மேசைக்கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டுவிடுங்கள். அதிர்வு கீழ்வீட்டுக் கூரையில் கேட்கும். நான் இரவு பத்து மணிக்குமேல் மெஷினைத் தொடுவதில்லை, அப்போது கைத்தையல் மட்டும்தான்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் கறுப்பு நிறச் சிங்கர் ஒன்று இருந்தது. காலால் மிதிப்பது. அப்பா மாதத் தவணையில் வாங்கிக் கொடுத்தது என்று அம்மா பெருமையாகச் சொல்வார். என் பள்ளிச் சீருடை, பாவாடை, தலையணை உறை எல்லாம் அதில் தைத்தவைதான். 2004இல் வீடு மாறியபோது, கனமாக இருக்கிறது, இனி யார் தைக்கப் போகிறார்கள் என்று பழைய பொருள் வாங்கும் காராங் குனிக்காரரிடம் 15 வெள்ளிக்கு (டாலருக்கு)க் கொடுத்துவிட்டோம். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தைத்த இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் அவரிடம் கற்றுக்கொள்ளவில்லை என்பது அதைவிடப் பெரிய வருத்தம்.

சரி, மெஷினுக்கு வருவோம். என்னுடையது சாதாரண மின்சார மெஷின். நேர்த்தையல், ஜிக்ஜாக், காஜா எடுக்கும் வசதி, அவ்வளவுதான். தொடங்குபவருக்கு அதுவே தாராளம். நூறு விதத் தையல் போடும் மெஷினில் நீங்கள் பயன்படுத்தப் போவது என்னவோ இந்த இரண்டு மூன்றைத்தான்.

முதல் நாள் துணியே எடுக்கவில்லை. மகளின் பழைய கோடு போட்ட நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து, நூல் கோக்காத ஊசியால் கோட்டின் மேலேயே ஓட்டிப் பழகினேன். நேர்கோடு கைவந்ததும், தட்டை வைத்து வட்டம் வரைந்து அதன்மேல் ஓட்டினேன். மூலை வந்தால் ஊசியைத் தாளுக்குள் இறக்கிவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்கி, தாளைத் திருப்பி, பாதத்தை மறுபடி இறக்க வேண்டும். இதை இருபது முப்பது முறை செய்தபின் கால் பெடலை எவ்வளவு அழுத்துவது என்பது தானாகவே பிடிபட்டுவிடுகிறது. இதற்குப் பழைய ஊசியைப் போடுங்கள், தாள் ஊசியை மழுக்கிவிடும். இன்னொன்று, ஊசியையே பார்த்துக்கொண்டு தைத்தால் கோடு வளையும். ஊசிக்கு அடியில் இருக்கும் தகட்டில் கோடுகள் இருக்கின்றன. துணியின் ஓரம் அந்தக் கோட்டை ஒட்டிப் போகிறதா என்று மட்டும் பார்த்தால் தையல் நேராக வரும்.

முதல் பையைச் சேலையில் தைத்தேன். அம்மா எந்தச் சேலையை வெட்டலாம் என்று தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். பழைய சேலையில் உட்கார்ந்து தேய்ந்த பகுதி நூலாக இருக்கும், கையால் இழுத்தாலே தெரியும். இடுப்புக்குள் செருகிய உள்முனையும் கரையை ஒட்டிய பகுதியும் இன்னும் உறுதியாக இருக்கும். அங்கிருந்து 40 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரத்தில் நான்கு துண்டுகள் எடுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து இரட்டைத் துணியாக்கினேன். கைப்பிடிக்கு 60 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு பட்டைகள். பட்டையை நான்காக மடித்தால் இரண்டரை சென்டிமீட்டர் அகலக் கைப்பிடி கிடைக்கும்.

பை பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது நாள் பேரங்காடியிலிருந்து திரும்பும்போது, புளோக்கின் மின்தூக்கிக்கு முன்னால் ஒரு கைப்பிடி பிய்ந்து வந்தது. முட்டைகளும் எண்ணெய்ப் புட்டியும் தரையில். சுத்தம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து தையலைப் பார்த்தேன். கைப்பிடியை ஒரே ஒரு வரியில் தைத்திருந்தேன், தொடக்கத்திலும் முடிவிலும் பின்தையல் போடவே இல்லை. ஒரு வரியின் முனை அவிழ்ந்ததும் மொத்த எடையும் அடுத்தடுத்த தையலை இழுத்துப் பிரித்திருக்கிறது. எந்தத் தையலைத் தொடங்கினாலும் மூன்று நான்கு தையல் முன்னே போய், பின்னோக்கிப் போகும் விசையை அழுத்தி அதே வழியில் திரும்பி வந்து, பிறகுதான் தொடர வேண்டும். முடிக்கும்போதும் அப்படியே. கைப்பிடியைப் பையோடு சேர்க்கும் இடத்தில் ஒரு சதுரம் தைத்து, அதற்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போல இரண்டு வரிகள் தைத்துவிட வேண்டும். அப்படித் தைத்த இரண்டாவது பை 5 கிலோ அரிசியை இன்றும் தூக்குகிறது.

அடுத்து வந்ததுதான் எல்லோரையும் பயமுறுத்தும் பிரச்சினை. ஒருநாள் தைக்கத் தைக்கத் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டுகொண்டது. மேலே பார்த்தால் தையல் ஒழுங்கு, கீழே பறவைக் கூடு. பாபினை, அதாவது கீழ்நூல் சுற்றிய சின்ன உருளையை, கழற்றி மாட்டினேன். வேறு பாபின் போட்டேன். நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் சக்கரத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினேன். மெஷின் பழுதாகிவிட்டது என்றே முடிவு செய்து, அட்டைப்பெட்டியைத் தேட ஆரம்பித்தேன்.

பக்கத்து வீட்டு மலாய் அம்மா, நான் மக்சிக் என்று அழைப்பவர், அன்று குவே என்ற பலகாரம் கொடுக்க வந்தார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் குடும்பம் முழுக்க அவரே பாஜு குரோங் என்ற மலாய் உடை தைத்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. மெஷினை ஒரு பார்வை பார்த்தார். மேல்நூலை முழுவதும் உருவினார். பாதத்தைத் தூக்கினார். மறுபடி நூலைக் கோத்தார். பாதத்தை இறக்கித் தைத்தார். அடியில் ஒரு சுருள்கூட இல்லை.

காரணத்தையும் அவரே சொல்லிக் கொடுத்தார். பாதம் தூக்கியிருந்தால்தான் உள்ளே இருக்கும் இரண்டு டென்ஷன் தட்டுகள் விலகி நூலை உள்ளே விடும். பாதம் இறங்கிய நிலையில் கோத்தால் நூல் தட்டுகளுக்கு வெளியே கிடக்கும், அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது, தளர்ந்த மேல்நூல் அடியில் போய்ச் சுருளும். கீழே கொத்து விழுந்தால் கீழே இருக்கும் பாபின்தான் குற்றவாளி என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் குறை மேலே இருக்கிறது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை மெஷின்கள் மூலைக்குப் போயிருக்கின்றனவோ!

மெஷின் தையல் எப்படி விழுகிறது என்று புரிந்துகொண்டால் இதுபோன்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். கைத்தையலில் ஒரே நூல் மேலும் கீழும் போய் வரும். மெஷினில் மேலே ஒரு நூல், பாபினில் ஒரு நூல். ஊசி மேல்நூலைத் துணிக்குள் இறக்க, கீழே சுழலும் கொக்கி அந்த நூலின் வளையத்தைப் பிடித்துப் பாபின் நூலைச் சுற்றிவிடுகிறது. இரண்டும் துணியின் நடுவில் பூட்டிக்கொள்ள வேண்டும். இப்படிப் பூட்டுத்தையல் போடும் மெஷினுக்கு எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்றார், 1851இல் ஐசக் சிங்கர் தன் மெஷினுக்குப் பெற்றார். ஊசியின் காதைக் கூர்முனைக்குப் பக்கத்தில் வைத்தால்தான் இது நடக்கும். கைத்தையல் ஊசியையும் மெஷின் ஊசியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், காது இருக்கும் இடம் நேர்மாறாக இருக்கும். பாபின் நூல் மேல்பக்கம் எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம் அதிகம், அடியில் மேல்நூல் வளையம் வளையமாகத் தெரிந்தால் தளர்வு.

அன்றிலிருந்து மக்சிக்தான் என் ஆசிரியர். என் மலாய் சந்தை மலாய், அவர் ஆங்கிலமும் கொஞ்சம்தான். தையலுக்கு அது போதும். நான் வேகமாகப் பெடலை மிதித்தால் "பெலான்-பெலான்" என்பார், மெதுவாக, மெதுவாக. துணியை மீட்டரில் சொல்ல மாட்டார், எலா கணக்குதான். ஓர் எலா நம் கஜம், 91 சென்டிமீட்டர்.

அவர் பாஜு குரோங் வெட்டுவதைப் பார்த்தபோது எனக்கு ஒரு கதவு திறந்தது போலிருந்தது. உடல் துண்டு செவ்வகம், கை செவ்வகம், அக்குளில் கை தூக்க இடம் கொடுக்கும் 'கெக்கெக்' என்ற சின்னத் துண்டும் நேர்கோடுகளால் ஆனது. பக்கவாட்டில் சேர்க்கும் நீளத் துண்டுகளுக்கும் பெரிய வளைவு கிடையாது. துணி வீணாவதும் குறைவு. கழுத்தோரத்தில் மட்டும் 'துலாங் பெலுட்' என்று ஒரு கைத்தையல் போடுவார், விலாங்கு மீனின் எலும்பு என்று பொருள், முள்ளெலும்பு வரிசை மாதிரியே இருக்கும். அந்த வட்டக் கழுத்து வகைக்குத் தெலுக் பெலாங்கா என்று பெயர். நம் சிங்கப்பூரில் இருக்கும் தெலுக் பிளாங்கா வட்டாரத்தின் பெயர்தான் அது. அந்த எம்ஆர்டி ரயில் நிலையத்தைப் பல வருடமாகக் கடந்து போகிறேன், இதற்குமுன் எனக்கு இது தெரியாது.

நம் பெண்களில் பலர் தையல் என்றதும் நேராக ரவிக்கைக்குத்தான் ஆசைப்படுகிறோம். தீபாவளி நெருங்கினால் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தையல்காரர்கள் புது ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள், நாமே தைத்தால் என்ன என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ரவிக்கை தைக்க மிகக் கடினமான உடைகளில் ஒன்று. உடலை ஒட்டி நிற்க வேண்டும், உடலோடு பொருந்த முக்கோணமாக மடித்துத் தைக்கும் டார்ட் பிடிக்க வேண்டும், வளைந்த கைக்குழியில் கையைச் சேர்க்க வேண்டும், அரை சென்டிமீட்டர் பிசகினாலும் போட முடியாது. முதல் வருடம் நேர்கோட்டுப் பொருள்களையே தையுங்கள். கை தேறும், பொருளும் வீட்டுக்கு உதவும்.

அப்படிப் பார்த்தால் பைக்கு அடுத்தது குஷன் உறை. ஜிப் வேண்டாம், பித்தான் வேண்டாம். 45 சென்டிமீட்டர் சதுரக் குஷனுக்கு 48 சென்டிமீட்டர் அகலம், 111 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரே துண்டு எடுங்கள். இரண்டு குறுகிய முனைகளையும் ஒன்றரை சென்டிமீட்டர் வீதம் இரண்டு முறை மடித்துத் தைத்துவிடுங்கள். பிறகு நல்ல பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, இரு முனைகளையும் நடுவை நோக்கி மடித்து, ஒன்றன்மேல் ஒன்று 15 சென்டிமீட்டர் ஏறி நிற்கும்படி வையுங்கள். மடித்தபின் நீளம் 45 இருக்க வேண்டும். திறந்திருக்கும் இரண்டு பக்கங்களையும் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே தைத்து, புரட்டினால் உறை. அரை மணி நேரம் போதும்.

மூன்றாவது, எலாஸ்டிக் வைத்த பாவாடை. தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகளுக்கு இதைத்தான் தைத்தேன். இடுப்பைச் சுற்றிய அளவைப் போல இரண்டு மடங்கு அகலம். வேண்டிய உயரத்தோடு மேலே 4 சென்டிமீட்டரும் கீழே 5 சென்டிமீட்டரும் கூட்டிக்கொள்ள வேண்டும். மேல்பகுதியை மடித்து எலாஸ்டிக் போகும் குழாய் மாதிரி தைத்து, 5 சென்டிமீட்டர் வாயைத் திறந்து விட்டு, ஊக்கில் எலாஸ்டிக்கைக் கோத்து உள்ளே தள்ளிச் சுற்றிக் கொண்டுவந்து முடிக்கலாம். அளவு கணக்குகளை மகளையே போடச் சொன்னேன். பள்ளியில் பின்னத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளை, துணியின் மேல் சாக்பீஸ் பிடித்து முக்கால் மீட்டரை நாலாகப் பிரித்துக் காட்டினாள்.

அந்தப் பாவாடைதான் எனக்கு அடுத்த பாடம். வாங்கிய பருத்தித் துணியை அலசாமல் வெட்டிவிட்டேன். முதல் துவைப்பிலேயே கணுக்கால் பாவாடை மேலே ஏறிவிட்டது. பருத்தி சுருங்கும். மீட்டருக்கு நான்கைந்து சென்டிமீட்டர் போவது சாதாரணம். இப்போது துணி வாங்கி வந்தால் நேராக வாளித் தண்ணீருக்குள்தான். மூங்கில் கழியில் காய்ந்து, அயர்ன் செய்த பிறகே கத்தரிக்கோல்.

அயர்ன் பெட்டியைப் பற்றி நான் தனியாகவே சொல்லியாக வேண்டும். வீட்டில் தைத்தது வீட்டில் தைத்ததுபோல் தெரிவதற்கு முக்கியக் காரணம் அயர்ன் போடாததுதான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். ஒவ்வொரு வரியையும் தைத்த உடனே முதலில் தையலின் மேலேயே ஒருமுறை அழுத்த வேண்டும், பிறகு உள்ளே இருக்கும் துணியை இரண்டு பக்கமும் விரித்து அழுத்த வேண்டும். அடுத்த தையல் அதைக் கடந்துபோவதற்கு முன்பே இது நடக்க வேண்டும், பின்னால் அந்த இடத்தை எட்ட முடியாது. நான் தைக்கும் நேரத்தில் பாதி மேசைக்கும் அயர்ன் பலகைக்கும் நடுவே நடப்பதில்தான் போகிறது. அந்த நடை இல்லாமல் இதுவரை நன்றாக ஒன்றும் வந்ததில்லை.

ஊசியை மாற்றுவதிலும் கஞ்சத்தனம் வேண்டாம். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய துணிக்கு 70, சாதாரணப் பருத்திக்கு 80, ஜீன்சுக்கு 100 எண் ஊசி. டி-ஷர்ட் போல இழுபடும் துணிக்கு முனை உருண்ட ஊசி தனியாக விற்கிறார்கள், அதைப் போடாவிட்டால் தையல் விட்டு விட்டு விழும். நம் ஊர் ஈரக்காற்றில் ஊசி துருப்பிடிக்கும், மூடிய டப்பாவில் வையுங்கள். துணி வெட்டும் கத்தரிக்கோலில் வேறு எதையும் வெட்டக்கூடாது. எங்கள் வீட்டில் அதன் பிடியில் சிவப்பு நாடா கட்டியிருக்கிறேன், எல்லோருக்கும் அர்த்தம் தெரியும்.

துணிக்கு நான் போவது மூன்று இடங்கள். சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் பகுதிக் கடைகளில் பருத்தி வகைகள் அதிகம். அராப் ஸ்திரீட்டில் பட்டு, பாத்திக், லேஸ் எல்லாம் கிடைக்கும், சில கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம். சேலைக்கு ஏற்ற லைனிங் துணி, ஊக்கு, பால்ஸ் வேண்டுமென்றால் தேக்காதான். போவதற்குமுன் அளவை எழுதிக்கொண்டு போங்கள். பருத்தி பெரும்பாலும் 44, 45 அங்குல அகலத்தில் வரும். அகலத்தைக் கேட்காமல் நீளத்தை மட்டும் சொல்லி நான் ஏமாந்திருக்கிறேன். கடைக்காரரிடம் துண்டுத் துணி இருக்கிறதா என்றும் கேளுங்கள், பழகுவதற்கு அது போதும். இணையத்தில் படம் பார்த்து ஒருமுறை வாங்கினேன். பருத்தி என்று போட்டிருந்தார்கள், வந்தது வழுக்கும் பாலியெஸ்டர். தொட்டுப் பார்க்காமல் இப்போது வாங்குவதில்லை.

இதில் பணம் மிச்சமா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். இல்லை என்றே சொல்கிறேன். மெஷின், நூல், துணி எல்லாம் சேர்த்தால் கடையில் வாங்கும் குஷன் உறை மலிவு. மிச்சமாவது பழுது பார்ப்பதில்தான். கணவரின் காற்சட்டை ஓரம் மடிக்க முன்பு ஒன்றுக்கு 10 வெள்ளி கொடுத்தேன். மகளின் சீருடைப் பாவாடையை இறக்கிவிட, போர்வை கிழிசலைத் தைக்க, பையின் ஜிப்பை மாற்ற இப்போது யாரையும் தேடுவதில்லை. கடையில் ஒரு சட்டையை எடுத்தால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். ஓரத் தையலில் பிசிறு, உள்ளே அரை சென்டிமீட்டர்கூடத் துணி விடவில்லை என்றால் திரும்ப மாட்டிவிடுகிறேன். வாங்கும் உடைகளே குறைந்துவிட்டன.

எனக்குக் கிடைத்த பெரிய நன்மை வேறு. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், நாள் முழுக்கத் திரை. வீட்டுக்கு வந்தால் கைப்பேசித் திரை. ஊசி ஓடும்போது இரண்டு கைகளும் துணியின் மேல் இருக்கும், கண் கோட்டின் மேல் இருக்கும், வேறு எதையும் பார்க்க வழியில்லை. ஒரு மணி நேரம் போனதே தெரியாது. எழுந்திருக்கும்போது தோள் வலித்தாலும் தலை லேசாக இருக்கும். மாத இறுதிக் கணக்கு நாள்களில் அந்த ஒரு மணி நேரம்தான் என்னைத் தூங்க வைக்கிறது.

தையலைப் பிரிக்கவும் அப்படியே பழகிக்கொண்டேன். முதலில் தப்பாகப் போன வரியைப் பிரிக்க உட்கார்ந்தால் அழுகை வரும். மக்சிக் பிரிப்பதைப் பார்த்தபின் மாறியது. மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக ஒரு பக்க நூலை வெட்டிக்கொண்டே போவார், மறுபக்க நூலை இழுத்தால் முழு வரியும் ஒரே இழுப்பில் வந்துவிடும். அவருக்கு அது தையலின் ஒரு பகுதி, அவ்வளவுதான். முகத்தில் ஒரு சுளிப்பும் இருக்காது.

இந்த வருடம் ரவிக்கைக்குத் துணிந்திருக்கிறேன். தையல்காரரிடம் அளவு ரவிக்கை கொடுப்பது போல, எனக்குப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றைப் பிரித்து, அதைத் தாளில் வரைந்துகொண்டு வெட்டலாம் என்பது திட்டம். என் திருமணத்துக்கு முந்தின வருடம் அம்மா சிங்கரில் தைத்த பச்சை ரவிக்கையை எடுத்தேன். பக்கவாட்டைத் திறந்தால் உள்ளே மூன்று வரித் தையல், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி. உள்வரி இரண்டும் ஏற்கெனவே பிரிக்கப்பட்டு ஊசித்துளைகள் மட்டும் இருந்தன. கடைசி வரிக்கு வெளியேயும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடந்தது.

"இவ்வளவு துணியை ஏம்மா உள்ள விட்டீங்க?" என்று கேட்டேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரவிக்கையை வாங்கிப் பார்த்தார். "நீ எவ்வளவு வளருவேன்னு எனக்கு என்ன தெரியும்?" என்றார். பிறகு பிரிக்கும் ஊசியைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைசி வரியைத் தானே பிரிக்கத் தொடங்கினார்.